வீரம்மாளுக்குப் பின்னால் இருந்த நிலம்

வடக்குத்து பஸ் ஸ்டாப்பிங்கில் இறங்கி, சைமன்ராஜ் ஸ்டுடியோ எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "மணிமொழி டிபன் கடைக்குப் பக்கத்துல" என்பார்கள். சைமன்ராஜ் அங்கே இருபது வருஷமாகப் போட்டோ எடுக்கிறார். மணிமொழி கடை போட்டு நாலு வருஷம்தான் ஆகிறது. ஆனாலும் அடையாளம் என்னவோ இட்லிக்குத்தான். இதில் சைமனுக்கு உள்ளூரக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. மனுஷன் தங்கமானவர், ஆனால் ரோஷக்காரர். தொழிலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது.

இந்தக் கதையும் அப்படி ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது.

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் ஒரு கல்யாணம். பெண்ணின் பெயர் இசைப்பிரியா. அவள் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட், வீடு குவார்ட்டர்ஸ். மண்டபத்துக்குக் கிளம்புமுன் பெண்ணை வாசலில் நிற்கவைத்துச் சைமன் பத்துப் படம் எடுத்தார். எடுத்ததைக் காட்டியதும் அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னா அங்கிள், பின்னாடி சைக்கிள், தண்ணி டிரம்மு, கொடியில அப்பா லுங்கி எல்லாம் தெரியுது? என் ஃபோன்லயே போர்ட்ரெயிட் மோடு போட்டா இதெல்லாம் மறைஞ்சிடுமே!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சைமனும் சிரித்துவைத்தார். அன்றைக்கு மண்டபத்தில் வடை பாயசத்தோடு பரிமாறிய இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தார் என்று அவர் மனைவி நித்யா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

குவார்ட்டர்ஸில் படமெடுத்துப் பிழைக்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எந்த பிளாக்குக்குப் போனாலும் அதே வாசல், அதே காம்பவுண்டு, அதே டிரம்மு. வடக்குத்துக்குள் வந்தாலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பாதி பூசின சுவரும். அழகாக உடுத்திக்கொண்டு நிற்கிற யாருக்கும் தான் நிற்கும் இடம் படத்தில் தெரியக் கூடாது. எங்கே நிற்கிறோம் என்று தெரியாத படம்தான் நல்ல படம். சைமன் மனசில் அன்றைக்கு இது ஆணி அடித்தது போல் இறங்கிவிட்டது.

அதற்கடுத்த மாதமே புதுக் கேமரா வாங்கினார். கேமரா வந்துவிட்டது, லென்ஸ்தான் பாக்கி. ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்குவது? வீடியோ எடுக்கும் ஜெயகணேஷைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி கடைக்குப் போனார். பஸ் பண்ருட்டியைத் தாண்டும் வரைக்கும் ஜெயகணேஷ் ஒரே பாட்டு.

"ஜூமே வாங்கிடுங்கண்ணே. நின்ன எடத்துல இருந்தே தாலி கட்டறதையும் கிட்டத்துல எடுக்கலாம், மொத்த மண்டபத்தையும் வளைச்சுப் போடலாம். ப்ரைம்னா ஒரே பார்வைதான். கிட்டப் போவணும்னாலும் தூரம் போவணும்னாலும் நம்ம காலுதான் போவணும்."

"எனக்குக் காலு இல்லியா? நான் போறன்டா."

"எல்லா எடத்துலயும் போவ முடியுமாண்ணே?"

கடையில் இரண்டையும் எடுத்துக் காட்டினார்கள். ஜூமைக் கண்ணில் வைத்துத் திருகிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு எண்பத்தைந்து எம்எம் ப்ரைம் லென்ஸை மாட்டி, கடை வாசலில் நின்ற ஜெயகணேஷை ஒரு கிளிக். அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். ஜெயகணேஷின் மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் நின்ற ஆட்டோ, டீக்கடை, குப்பைத்தொட்டி எல்லாம் கரைந்து வண்ணமாகிக் கிடந்தன. இசைப்பிரியாவின் மூக்கைப் படத்திலேயே அறுத்துவிட்ட மாதிரி அவருக்கு ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் நித்யா கேட்டாள், "இருபது பேரு நிக்கற குடும்பப் படத்த இதுல எப்படிங்க எடுப்பீங்க?"

"அதுக்குப் பழைய கேமரா இருக்குதுல்ல? அதுல ஜூம்தான?"

சும்மா சொல்லக் கூடாது, புது லென்ஸ் அவருக்குக் கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால், "எங்க பொண்ணு புதுநன்மைக்கு உங்க ப்ளர் படம்தான் வேணும்" என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். சைமனின் நடையே மாறிவிட்டது. எதைப் பார்த்தாலும் "இத ப்ளர் பண்ணா எப்படி இருக்கும் தெரியுமா" என்று ஆரம்பிப்பார். "மொதல்ல ஒங்க தொப்பைய ப்ளர் பண்ணுங்க" என்பாள் நித்யா.

மார்கழி மாசத்தில் ஒரு நாள் காலை வியாபாரம் முடிந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மணிமொழி ஸ்டுடியோவுக்குள் வந்தாள்.

மணிமொழிக்குப் பிறந்த வீடு வளையமாதேவி. அவள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஊரார் நிலத்தில்தான் வேலை, சொந்தமாக ஒரு கையகல மண் கிடையாது. அவள் அப்பா கண்ணையன் இருபத்திரண்டு வருஷம் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அறுபது சென்ட் வாங்கினார். அந்தக் குடும்பத்தில் பட்டா என்ற காகிதத்தை முதன்முதலில் கையில் பிடித்தவர் அவர்தான். அவர் போனபிறகு அம்மா வீரம்மாள் தனியாகவே நட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த நிலம் சுரங்கத்துக்குப் போகிறது.

"கையெழுத்துப் போட்டாச்சுண்ணே. இந்த அறுப்போட சரி," என்றாள் மணிமொழி. "அதுக்குள்ள அம்மாவ அங்க நிக்க வச்சு ஒரு படம் எடுத்துக் குடுங்க. வேப்பமரம், மோட்டார் கொட்டாய், எங்கப்பா கட்டுன வரப்பு எல்லாம் வரணும். நாளைக்கு எம் பசங்க கேட்டா காட்டணும்ல, நமக்கும் நெலம் இருந்திச்சுன்னு."

சைமன் அவளை மேலே பேசவிடவில்லை. "காசு கீசுன்னு வாயத் தொறந்தீன்னா இனிமே உங்கடையில இட்லி துன்ன மாட்டேன்" என்றார். அதில் பொய்யில்லை, அவர் நிஜமாகவே நல்ல மனசோடுதான் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு வண்டியை எடுத்தார். நித்யா பழைய கேமரா பையை நீட்டினாள்.

"இதையும் எடுத்துக்கினு போங்க."

"ஒருத்தர எடுக்கறதுக்கு ரெண்டு கேமரா எதுக்கு? ஊருல சிரிப்பாங்க."

வீரம்மாள் அரக்குச் சேலை கட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வரப்பின் மேல் விறைப்பாக நின்றிருந்தாள். நெல் பால் பிடித்திருந்தது. வெயில் சாய்வாக அவள் முகத்தில் விழுந்தது. சைமன் கேமராவைக் கண்ணில் வைத்தார், அப்புறம் அவர் இந்த உலகத்தில் இல்லை. என்ன முகம்! நெற்றிச் சுருக்கம், இடது கண்ணுக்குக் கீழே மச்சம், கல் விழுந்துபோன மூக்குத்தி. இப்படி ஒரு முகத்தை ஒருத்தரும் இதுவரைக்கும் படமெடுக்கவில்லையே என்று பதறிப்போய், கிட்டே போனார், குந்தினார், எழுந்தார், எடுத்துக்கொண்டே இருந்தார்.

மணிமொழி பின்னாலிருந்து தன் போனை எடுத்து மரத்துப் பக்கம் நீட்டினாள்.

"ஏம்மா, நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், நீ என்னா போனத் தூக்கிக்கினு வர்ற? உள்ள வை, உள்ள வை!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்து, போனைப் பையில் போட்டாள்.

வீரம்மாள் கழுத்தைத் திருப்பாமலே கேட்டாள், "தம்பி, படத்துல மரம் வுழுவுதா?"

"எல்லாம் வுழுவுதும்மா. நீங்க என்னப் பாருங்க."

தையும் மாசியும் கல்யாண மாசங்கள். சைமனுக்கு மூச்சுவிட நேரமில்லை. மணிமொழி இரண்டு தரம் படத்தைக் கேட்டாள். இரண்டு தரமும் இவர் "பெரிய ஃபிரேமா போட்டுத் தரேன், பொறு" என்றார். இதற்குள் அறுப்பு முடிந்தது. முடிந்த பத்தாம் நாள் வயலில் இயந்திரம் இறங்கிவிட்டது. ஊரில் இனி என்ன வேலை என்று வீரம்மாள் மகளோடு வடக்குத்துக்கே வந்து, கடையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

மாசிக் கடைசியில் சைமன் அந்தப் படத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு டிபன் கடைக்குள் வந்தார். காகிதத்தைப் பிரித்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் "அடேயப்பா" என்றார்கள். ஒருவர் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார். படத்தில் வீரம்மாள் அப்படியே உயிரோடு நின்றாள். மணிமொழி மட்டும் படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, நெலம்?"

"பின்னாடி பச்சையா இருக்குது பாரு, அதான். இதுக்குப் பேருதான் ப்ளர். எல்லாருக்கும் இப்படி வராது. மொகம் மட்டும் பளிச்சுனு எடுத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மணிமொழி கேட்டதெல்லாம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது, இரண்டு மாசம் கழித்து. மரம், கொட்டகை, வரப்பு. படத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கலங்கல். நிலம் இருந்ததற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை, அந்த அம்மாள் எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். சைமனுக்கு உடம்பு கூசிப்போயிற்று.

வீரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தாள். "நல்லாருக்கு தம்பி. மொகம் நல்லா வந்திருக்குது" என்றாள். கல்லாவுக்கு மேலே மாட்டச் சொன்னாள்.

சைமன் ஸ்டுடியோவுக்கு ஓடிப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். நூற்று நாற்பத்து மூன்று படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளினார். முகம், முகம், முகம். பின்னால் அதே கலங்கல். கைதவறி அமுங்கிய ஒரே ஒரு படத்தில் வரப்பின் ஓரம் துல்லியமாக இருந்தது, அதன்மேல் அவருடைய ஷூவும் இருந்தது.

லென்ஸின் மேல் பழி போடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தார். முடியவில்லை. அதே லென்ஸோடு, ப்ளரைக் குறைக்கிற சக்கரத்தைத் திருப்பிவிட்டு ஐம்பதடி பின்னால் நடந்திருந்தால் மரம் வந்திருக்கும், கொட்டகையும் வந்திருக்கும். கால் இருக்கிறது, போகிறேன் என்று ஜெயகணேஷிடம் வீறாப்புப் பேசிய ஆள் பத்தடிகூடப் பின்னால் போகவில்லை.

மறுபடியும் டிபன் கடைக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மணிமொழி, உன் போன்ல ஏதாவது இருக்குதா? முன்ன பின்ன எடுத்தது?"

"பழைய போனு தண்ணியில வுழுந்தப்பவே எல்லாம் போச்சுண்ணே. இந்தப் போன்ல அன்னிக்கு எடுக்கலாம்னு பாத்தேன்..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடுங்கண்ணே" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்தது.

மறுநாள் இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டு வளையமாதேவிக்குப் போனார். கம்பி வேலி. அதற்கப்பால் வெட்டி அள்ளிய பள்ளம், மேடாகக் குவித்த மண். அறுபது சென்ட் எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு மரங்கூட மிச்சமில்லை. ஜூமில் நன்றாகக் கிட்டே இழுத்துப் பார்த்தார். மண்தான் கிட்டே வந்தது. படம் எடுக்காமல் திரும்பினார்.

இப்போது சைமன் யாரிடமும் ப்ளர் பற்றிப் பேசுவதில்லை. கேட்டவர்களுக்கு எடுத்துக்கொடுக்கிறார், நன்றாகவே எடுக்கிறார். டீ மட்டும் எதிர்க்கடையில் போய்க் குடிக்கிறார். இட்லியை நித்யாதான் வாங்கிவருகிறாள்.

போன வாரம் அவள் ஊரில் இல்லை. மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அவரே உள்ளே போனார். மணிமொழி சாமான் வாங்கப் போயிருந்தாள். வீரம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி, படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஒங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். இதுல எது நம்ம வேம்பு?"

படத்தில் அவள் தோளுக்கு இடப்பக்கம் கரும்பச்சையாக ஒரு திட்டு, வலப்பக்கம் ஒரு திட்டு.

"பேரன் கேக்கறான். எனக்குச் சொல்லத் தெரியல. நான் மரத்துக்கு முதுவு காட்டிக்கினு நின்னேன். எதிர்த்தாப்புல நின்னு பாத்தது நீங்கதான?"

சைமன் நினைத்துப் பார்த்தார். மச்சம் ஞாபகம் இருந்தது, மூக்குத்தியில் கல் விழுந்த குழி ஞாபகம் இருந்தது, நெற்றியில் எத்தனை கோடு என்று கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். மரம் இல்லை. அந்த வயலில் ஒரு மணி நேரம் நின்றவர் வயலைப் பார்க்கவே இல்லை. வலது திட்டைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலம்மா," என்றார். "நான் ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

வீரம்மாளுக்கு அது விளங்கவே இல்லை. ஸ்டூலில் நின்றபடி அவரைக் குனிந்து பார்த்தாள்.

"என் மொகத்த எதுக்குத் தம்பி பாத்தீங்க? நான்தான் இங்கியே இருக்கறனே. அது போவுதுன்னுதான ஒங்கள வரச் சொன்னது."