பனிமலைக்கு ஒரு எக்ஸ்பர்ட்

அடுத்த வாரம் பனிமலைக்குப் போகிறோம். நானும் கணவரும் பனியை ஃப்ரீசரில் மட்டுமே பார்த்தவர்கள்.

இன்று சறுக்குப் பலகை வாடகைக்கு எடுக்கப் போனோம். கடைக்காரப் பெண் படிவத்தைப் பார்த்து, "எத்தனை வருஷமா சறுக்குறீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

எட்டிப் பார்த்தேன். 'எக்ஸ்பர்ட்' என்று டிக் அடித்திருந்தார்!

"எக்ஸ்பர்ட்டுன்னா பலகையைக் கால்ல இறுக்கமா மாட்டுவோம். விழுந்தா லேசுல கழலாது, காலே உடையலாம்," என்றாள்.

அவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க இப்படி?"

"பிகினர்னு போட்டா யாரு கூப்பிடுவா? வேலைக்கு அப்ளை பண்ணப்பல்லாம் இப்படித்தானே போட்டேன்!"

படிவத்தை மாற்றிவிட்டோம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது "சமையல் எனக்கு அத்துப்படி" என்றாரே, அதை எங்கே போய் மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.