வேலை முடித்து உட்கார்ந்தவள்

நஞ்சம்மாளுக்குக் கோபம் வந்தால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே செருகியாயிற்று.

ஏரியூர்ப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் செத்த பிறகு களை வெட்டியும் கல் சுமந்தும் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். மழை பொய்த்தால் நூறு நாள் வேலைதான் அவளுக்குச் சோறு. முந்தின நாள் ஏரி வேலையில் தன் பங்குக் குழியை வெயில் ஏறுமுன்பே வெட்டி முடித்துவிட்டாள். ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ. இரண்டிலும் முகம் இருந்தால்தான் கூலி. அதற்காகப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வார்டு மெம்பர் மகன் கதிரவன் அதைப் படம் பிடித்து, ‘சோம்பேறிகளுக்குச் சம்பளம்’ என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பொழுது சாய்வதற்குள் மெம்பரின் கட்டளையும் வந்துவிட்டது: நஞ்சம்மாளுக்கு இனி வேலை கிடையாது. அவர் ஏரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வழியில் கதிரவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏன்டா கதிரு, நான் சோம்பேறியா?”

“தமாசுக்குப் போட்டேன் பெரிம்மா. சும்மாதான ஒக்காந்திருந்த?”

“வேலை கெடக்கும்போது ஒக்காந்தா அது சோம்பல்டா. முடிச்சிட்டு ஒக்காந்தா அது ஓய்வு. உங்கப்பன் மத்தியானம் தின்னுட்டுக் கட்டில்ல சாயறாரே, அத ஒருநாளாச்சும் போட்டோ புடிச்சயா? அவரு படுத்தா ஓய்வு, மம்பட்டி புடிச்சவ ஒக்காந்தா சோம்பலா?”

அவன் துணியை வைத்துவிட்டுப் போனை எடுத்தான். “அழிச்சிடறேன், வுடு.”

“பாத்தவங்க கண்ணுல இருந்து எப்பிடிடா அழிப்ப?”

ஏரியில் பெண்கள் காலைப் போட்டோவுக்கு வரிசையாக நின்றார்கள். அவளைப் பார்த்ததும் பொறுப்பாளர் கனிமொழி போனைத் தாழ்த்தினாள்.

“அக்கா, நீங்க நிக்காதீங்க. என் வேலையும் போயிடும்.”

“நேத்து வெட்டுன குழி அங்க கெடக்குது. எறங்கி அளந்து பாரு கண்ணு. அப்பறம் சொல்லு.”

கனிமொழி நகரவில்லை.

வரிசையில் நின்ற மாதம்மாள்தான் முதலில் மம்பட்டியைக் கீழே போட்டாள். “அந்த மரத்தடியில நானுந்தான் இருந்தேன். போட்டோல பாதி முதுகு தெரியுது, பாக்கலயா? என் பேரையும் எடு.”

அவள் விலகியதும் அடுத்தவள் விலகினாள். பிறகு எல்லோரும். போட்டோவில் ஆளில்லாவிட்டால் அன்று வேலை நடந்ததாகவே ஆகாது. கனிமொழி மெம்பருக்குப் போன் அடித்தாள். “யாருமே நிக்க மாட்டேங்கறாங்கண்ணா…” வெகுநேரம் திட்டு வாங்கினாள். கடைசியில் அவர் இறங்கிவந்ததும் போனை வைத்துவிட்டு, “வாங்கக்கா, நில்லுங்க” என்றாள்.

நஞ்சம்மாள் நடு வரிசையில் போய் நின்றாள்.

“மொகத்தக் கொஞ்சம் நல்லா வைங்கக்கா.”

“இதான் மொகம். புடி.”