பூவம்மா பாட்டின் மீதி

ரமாபாய் வியாசர்பாடி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள். பௌத்தக் குடும்பம். அம்பேத்கரின் துணைவியார் பெயரை அப்பா விரும்பி வைத்தார். 2003இல் அவளுக்கு இருபத்தைந்து வயது. நுங்கம்பாக்கத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் இணையதளங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அது என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கடைக்கு வெளிய போர்டு எழுதுவாங்கல்ல, அதையே கம்ப்யூட்டர்ல எழுதுறேன்" என்பாள்.

அந்த வருடம் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்காகச் சென்னையில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பக்கம் செய்தாள். கொடுத்த பட்டியலில் கோட்டைக்கு வடக்கே, அவள் வளர்ந்த பக்கத்தில், ஒரு இடம்கூட இல்லை. ராயபுரம் ரயில் நிலையத்தையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் சேர்க்கலாமா என்று மேலாளர் சங்கரநாராயணனிடம் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கே போய் என்னம்மா பார்ப்பாங்க?" என்றார்.

அன்றே தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கினாள். இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் ஐந்து மெகாபைட் கிடைத்தது. அதில் தோன்றியதையெல்லாம் எழுதினாள். தமிழில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு வேண்டியிருந்ததைப் பற்றி எழுதினாள். தேர்தல் வந்தால் மட்டும் தெருவிளக்கு எரிவதைப் பற்றி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் முகத்துவாரக்குப்பம் போய், படகில் கழிமுகத்தைக் கடந்து, காட்டுப்பள்ளிவரை நடந்து எடுத்த படங்களைப் போட்டாள். அதற்கு மேல் அவள் பயணம் போனதில்லை.

அப்போதுதான் எதிர் பிளாக் பூவம்மா இறந்துபோனாள். காசிமேட்டில் இறால் உரித்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். மகள் மதி தையல் வேலை செய்தாள். மகன் துரை சரக்குக் கப்பலில் இருந்தான். தகவல் போய்ச் சேர்ந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. அவனால் வர முடியவில்லை.

அன்று மதியம் சாவு வீட்டுப் பந்தலடியில் கோதண்டம் கானா பாடினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். செத்தவர் கதையைப் பாட்டாகவே கட்டிவிடுவார். ரமாபாய் அனுமதி கேட்டு, டேப்ரெக்கார்டரை அவர் காலடியில் வைத்துப் பதிவு செய்தாள். இரண்டு வாரம் கழித்து, பாட்டைப் பக்கத்தில் போடலாமா என்று அவரையும் மதியையும் கேட்டாள். மதி தலையாட்டினாள். "போட்டுக்க கண்ணு. ஊரே கேக்கட்டும், இன்னா இப்போ?" என்றார் கோதண்டம்.

பாட்டு பதினான்கு நிமிடம். மீதமிருந்த இடத்தில் அவ்வளவும் அடங்காது. தொலைபேசி இணைப்பில் யார் அவ்வளவு நேரம் காத்திருக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தாள். முதல் நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டி ஏற்றினாள்.

ஒரு மாதத்தில் வந்த கருத்துகள் ஏழு. "இதெல்லாம் தமிழா, ஒரே கலீஜ்" என்று பெயர் போடாமல் ஒருவர் எழுதியிருந்தார். நீக்கிவிடலாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே, "எங்க வூட்ல இதான் தமிழ்" என்று எழுதினாள்.

ஒரு ஞாயிறு காலை துரையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ரமா, கப்பல் தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல நிக்குது. மாலுமிங்க கிளப்புல கம்ப்யூட்டர் கீது. தாவூது உன் பக்கத்த அனுப்ச்சான். பாட்டு கேட்டேன். அம்மா பேரு வருது, மதி பேரு வருது, அதோட நின்னுபோச்சு. அப்பால என் பேரு வருதா? இல்ல, கொள்ளி வைக்க வராதவன்னு வுட்டுட்டாரா? நாளைக்கு ராத்திரி கப்பல் கெளம்பிடும்."

அந்தப் பாட்டில் அவன் பெயர் வந்ததா என்று ரமாபாய்க்கே நினைவில்லை. கேசட்டைப் போட்டுக் கேட்டாள். பதினோராவது நிமிடத்தில் கோதண்டத்தின் குரல் இறங்கியது.

"தண்ணி மேல போன துரை தாயத் தேடி நிக்கிறான்,
தப்பு அவன் பேர்ல இல்ல, தள்ளி வச்சது கடலம்மா."

அதையே இன்னொரு முறை கேட்டாள். பிறகு மீதிப் பத்து நிமிடத்தை இரண்டு துண்டாக்கி, தரத்தைக் குறைத்து, குறுந்தகட்டில் பதிந்துகொண்டாள். வீட்டில் வாங்கிவைத்திருந்த இணைய நேரம் தீரப்போனதால் ராயபுரம் கல்மண்டபத்துக்குப் போனாள். அங்கேதான் தாவூதின் பிரவுசிங் சென்டர். தாவூதும் துரையும் ஒரே பள்ளியில் படித்த தோஸ்துகள்.

விஷயத்தைக் கேட்டதும் தாவூது ஓர மெஷினைக் காட்டினான். "இதுல ஒக்காரு. இன்னிக்கி இது உன்து."

பக்கத்துக்குக் கிடைத்த ஐந்து மெகாபைட் இடம் போதவில்லை. காட்டுப்பள்ளிப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். முதல் துண்டு ஏறிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. மறுபடி ஆரம்பித்தாள். இரண்டாவது துண்டு பாதியில் நின்றது.

"இன்னா பேஜாரா கீதா?" என்றான் தாவூது.

"போவுது. மெதுவாப் போவுது."

தொலைபேசி ரிசீவரை யாராவது எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று, அதன் மேல் அவன் தன் குல்லாவைக் கழற்றி வைத்தான். நான்கரை மணிக்கு இரண்டும் ஏறின. ரமாபாய் துரைக்கு எழுதினாள்: "உன் பேரு கீது. வெட்னது கோதண்டம் இல்ல, நான்தான். மன்னிச்சிக்க."

மறுநாள் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. மாலை பதில் வந்தது.

"ரெண்டும் கேட்டேன். ரெண்டாவத நாலு வாட்டி கேட்டேன். ஹெட்போன் இல்ல, ஸ்பீக்கர்லதான். பின்னால கம்ப்யூட்டருக்குக் காத்துகினு இருந்த பிலிப்பைன்ஸ்காரங்க ரெண்டு பேரு ஒண்ணும் கேக்காம நின்னுகினு இருந்தாங்க. ஒருத்தன் எனக்குத் தண்ணி கொணாந்து குடுத்தான். ரொம்ப டாங்க்ஸ்மா."

அதற்குப் பிறகு பக்கம் கனமாகிவிட்டது, திறக்க நேரமாகிறது என்று சிலர் எழுதினார்கள். அலுவலகத்தில் அவள் படித்த பாடப்படி அது சரியான குறைதான். ஆனாலும் பாட்டின் மூன்று பகுதிகளும் அங்கேயே இருந்தன.

ஏழு மாதம் கழித்துத் துரை விடுமுறையில் வந்தான். கருத்து மெலிந்திருந்தான். முதல் நாள் மதியோடு சுடுகாட்டுக்குப் போனான்; மறுநாள் கோதண்டத்தைப் பார்த்து ஒரு வேட்டி கொடுத்தான். மூன்றாம் நாள் ரமாபாய் வீட்டுக்கு வந்து, சங்கடத்தோடு கேட்டான்.

"இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கிறது எனக்கே படிக்க வரமாட்டுது. தமிழ்லயே அடிக்கக் கத்துத் தருவியா?"

சனிக்கிழமைகளில் தாவூதின் கடையில் சொல்லிக்கொடுத்தாள். ஒற்றைக்கொம்போடும் இரட்டைக்கொம்போடும் துரை அதிகம் சண்டை போட்டான். ஐந்தாவது வாரம் அவன் ஒரு முழுக் கடிதம் அடித்து முடித்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதிக்குத்தான் எழுதியிருந்தான். அவள் திரையின் பக்கம் குனிந்து, வாய்விட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.