கம்ப்ரசர் சத்தத்தில் பழகிய இங்கிலீஷ்

போர்வெல் போடும்போது எழும் கல் மாவுக்கு ஒரு ருசி உண்டு... சுண்ணாம்பும் இரும்பும் கலந்தாற்போல். வாயைத் திறந்தால் நாக்கில் அப்பிக்கொள்ளும். அதனால் ரிக் வண்டிக்காரர்கள் வேலை நேரத்தில் அதிகம் பேச மாட்டார்கள்.

நானும் காதரும் மட்டும் பேசினோம். அதுவும் இங்கிலீஷில்.

எனக்கு எழுதப் படிக்க வராது. இதைக்கூட நான் பேசப் பேச போன்தான் எழுதிக்கொள்கிறது. ஆனால் காதில் விழுந்த பேச்சு எதுவும் இன்றுவரை மறந்ததில்லை.

அப்போது நான் திருச்செங்கோட்டு ரிக் ஒன்றில் டிரில்லர். காதர் அதே வண்டியில் மெக்கானிக். சேலம் டவுன்காரன், பத்தாவது வரை படித்தவன். ஒருநாள் முதலாளி வந்து, ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்கக் கம்பெனிக்கு சைட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். ஒரே ஓர் ஆள்.

"மிஷின் ஓட்டறதுக்கு அங்கயே ஆளு கெடக்குதாமப்பா. மேனேஜருகூட உக்காந்து பேசற ஆளுதான் வேணுமாம். காட்டுக்குள்ள மாசக்கணக்கா கெடக்கோணுமில்ல... நியூஸ் கேப்பாராம், கிரிக்கெட்டு கேப்பாராம், நீ என்ன நெனைக்கறேன்னு கேப்பாராம். ரெண்டு மாசத்துல இங்க வர்றாரு."

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. படிக்காத டிரில்லர் தலை நரைத்தாலும் டிரில்லர்தான். அங்கே போனால் ஒரு சைட்டே என் பேச்சைக் கேட்கும்.

காதருக்கும் அதே ஆசை. இருவரும் ஒளிக்கவில்லை. "சேந்தே பழகுவோம் மாப்ளே. எவனுக்குக் கெடைக்குதோ கெடைக்கட்டும்" என்றான்.

காலையில் டிரான்சிஸ்டரில் இங்கிலீஷ் செய்தி வைப்போம். காதர் அர்த்தம் சொல்வான், நான் அப்படியே மனதில் ஏற்றிக்கொள்வேன். மத்தியானம் அவன் ஒரு வரியை மறந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன். வேலை நேரத்தில் யார் வாயிலாவது தமிழ் வந்துவிட்டால், அன்றைக்குத் துளை போடும் ராடு அத்தனைக்கும் அவரேதான் கிரீஸ் பூச வேண்டும்.

செய்தி சுலபமாக வந்தது. கிரிக்கெட்டும் வந்தது. கருத்துதான் வரவில்லை... பெரியவர்கள் ஒன்று சொன்னால் "சரிங்க" என்றே பழகிய வாய்.

அதற்கு காதர் ஒரு வழி செய்தான். அவன் எதைச் சொன்னாலும் நான் மறுக்க வேண்டும். ஐந்து நாள் ஆடுவதுதான் கிரிக்கெட் என்பான். "ஐ டோன்ட் அக்ரீ" என்பேன். உடனே காரணமும் சொல்ல வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போது மெல்லப் பேசினால் கேட்காது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவோம்.

மோகனூர் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டபோது, தோட்டக்கார ஆத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏஞ்சாமி, காத்தால அண்ணந்தம்பியாட்ட ஒரே தட்டத்துல தின்னீங்க. இப்ப எதுக்குச் சண்டை?"

"சண்டையில்லீங்காத்தா... இங்கிலீஸ் பேசிப் பழகறோமுங்க."

"அதுக்கு ஏன் இப்பிடி வஞ்சுக்கறீங்க? அதுல நல்ல வார்த்தையே கெடையாதா?"

ஆத்தாவுக்குத் தமிழில் பதில் சொன்னதற்காக அன்று நான்தான் கிரீஸ் பூசினேன்.

மேனேஜர் வந்தார். லாட்ஜில் ஏசி அறை, ஃபேன் சத்தம்கூட இல்லை. இருவரையும் சேர்த்தே உட்கார வைத்து, எங்களுக்குள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்.

பேசினோம். பழகியபடியே பேசினோம்... காதர் தொண்டை கிழியக் கத்தினான். நான் மேசையைத் தட்டி எழுந்து "ஐ டோன்ட் அக்ரீ!" என்றேன். அடிதடி என்று நினைத்து வாட்ச்மேன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். மேனேஜர் நாற்காலியோடு பின்னுக்குப் போயிருந்தார்.

காதருக்குத்தான் முதலில் உறைத்தது. "கம்ப்ரசர் சார்... கம்ப்ரசர்" என்று கையால் மிஷினைக் காட்டி விளக்கினான். அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அதன்பிறகு மெல்லப் பேசினோம். அன்று காலைச் செய்தியை நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. எனக்கும் தெரிந்தது, காதருக்கும் தெரிந்தது.

கடைசியாக சைட் வேலையைப் பற்றிச் சொன்னார். தினமும் ஒரு தாள் வருமாம். எங்கே தோண்டலாம், எங்கே வெடி வைத்திருக்கிறது... எல்லாம் அதில் இருக்குமாம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்லி ஒன் ஜாப். வாட் இஸ் யுவர் ஒப்பீனியன்? யூ, ஆர் ஹிம்?" நீயா, அவனா என்றார்.

இதற்கு நாங்கள் பழகியிருக்கவில்லை.

அந்தத் தாளை நான் யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். அவன் தப்பாகப் படித்தால், சாகப்போவது மிஷின் பக்கத்தில் நிற்கிறவன்.

"ஹிம், சார். ஹி கேன் ரீட். ஐ கேனாட்."

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. காதர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். அதற்குள் நான் சொல்லி முடித்திருந்தேன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டான். "அறிவிருக்காடா மாப்ளே? உன்ன யாரு கேட்டா?"

"அவருதான் பாய் கேட்டாரு."

காதர் போனான். ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தான். நான் சேந்தமங்கலம், ராசிபுரம் என்று அதே ரிக்கில் சுற்றி, டிரில்லராகவே ஓய்ந்தேன்.

இப்போது இங்கிலீஷ் பேசிப் பழகவும் போனே போதும். நானும் ஒருநாள் பேசிப் பார்த்தேன். கிரிக்கெட் கேட்டது, செய்தி கேட்டது, கருத்தும் கேட்டது. ஒன்றைச் சொன்னேன், வெரி குட் என்றது. அதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொன்னேன்... அதற்கும் வெரி குட். அணைத்துவிட்டேன்.

காதர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். வாரம் ஒருமுறை பேசுவோம், தமிழில்தான். முட்டி வலி, மழை, பேரன் பேத்தி.

அன்றைக்கு மேனேஜர் அவனிடம் முதலில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று சில நேரம் நினைப்பதுண்டு. உலகத்தில் இருக்கிற அத்தனைக்கும் ஒருவரை ஒருவர் கருத்துக் கேட்டவர்கள் நாங்கள்... இதை மட்டும் நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.