பருப்பு வெந்த தண்ணீர்

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் இருபத்து மூன்று வருடங்களாக வேலை பார்க்கிறேன். சூளைக்குள் போகிற சுண்ணாம்புக்கல் கலவை முழுக்க உருகுவதில்லை. ஒரு பங்கு மட்டும் உருகும்; மீதி அதற்குள் படிகங்களாக வளரும். வளரும் படிகம் தனக்குப் பொருந்துகிற அணுக்களை எடுத்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளிவிடும். டைட்டானியம், மாங்கனீசு போலத் துளியளவே கலந்து வந்தவை பெரும்பாலும் உருகிய பகுதியில்தான் தங்கும். ஆறிய கட்டியை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், படிகங்களுக்கு நடுவே பளிச்சென்று தெரியும் கோடுகள் அவை சேர்ந்து உறைந்த இடம். பூமிக்கடியில் பாறைக் குழம்பு ஆறும்போதும் இதேதான் நடக்கிறது. அங்கே ஆறுவதற்குக் காலம் அதிகம், அவ்வளவுதான்.

இது எனக்கு அன்றாட வேலை. ஆனாலும் அக்கா வீட்டில் போர் போட்ட அன்று இது என் நினைவுக்கு வர ஆறு மணி நேரம் ஆயிற்று.

அக்கா வீடு வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. அவள் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அங்கேதான் வரப்போகிறாள். பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். பிள்ளைத்தாய்ச்சி வருகிற வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் கூடாது என்று மாமா வீட்டுக்குப் பின்னால் போர் போட ஏற்பாடு செய்தார். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

போர் லாரிக்காரர்கள் குழியிலிருந்து வந்த கல்மாவை இருபதடிக்கு ஒரு குவியலாக வரிசையாக வைத்துக்கொண்டே போனார்கள். நான் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்து ஆழத்தை எழுதினேன்.

"ஏம்மா, எங்க காட்டுக் கல்லையும் அரைச்சு மூட்டை கட்டிரலாம்னு பாக்குறியா?" என்றார் மாமா.

"மூட்டைக்கு ஆவாது மாமா. இது வேற கல்லு."

முந்நூறு அடி வரை மாவு கறுஞ்சாம்பல் நிறம். முந்நூற்று இருபதில் வெளிர் ரோஜாவாக மாறியது. நடுவே கறுப்பு மைக்காத் துகள்கள் மினுங்கின. அதே நேரம் குழியிலிருந்து பால்போலத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துக் காட்டுக்காரர் கத்தினார்: "எங்க போரு மூச்சு வுடுது! இங்க வந்து பாருங்க!"

ஓடினோம். அது அவர் வருடக்கணக்கில் புழங்கி, ஆறு வருடங்களுக்கு முன் கைவிட்டு, கல்பலகையால் மூடிய போர். பலகையின் இடுக்கிலிருந்து ஈரமான, குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. எங்கள் லாரியின் கம்ப்ரசர் ஏறும்போது அந்த மூச்சும் ஏறியது, தணியும்போது தணிந்தது. நண்பகல் வெயிலில் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. அவர் பலகைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி நின்றார். எங்களைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை. முதலில் பாதங்கள் நகர்ந்தன. பிறகு மொத்த உடம்பும் ஒரு பலகைபோலத் திரும்பியது. ஐம்பது வயதுதான் இருக்கும்.

"அவங்க வூட்ல மூணு பேருக்கும் இப்படித்தான். அந்த எடத்துல காத்து கருப்பு இருக்குன்னு பேச்சு," என்றார் மாமா என் காதருகில்.

"கருப்புமில்ல ஒண்ணுமில்ல. ரெண்டு போரும் ஒரே வெடிப்புல இருக்கு. நம்ம காத்து அங்க போவுது," என்றேன். சரியாகத்தான் சொன்னேன். சொன்னதை நானே காதில் வாங்கவில்லை.

மாலைக்குள் தண்ணீர் தெளிந்தது. புதுத் தண்ணீர் வந்தால் முதலில் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உப்புத் தண்ணீரில் பருப்பு விறைத்து நிற்கும். அன்று வைத்த பருப்பு கரண்டி படாமலே குழைந்தது. தண்ணீர் இனித்தது. நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மாமா மகளுக்குப் போன் போட்டு, "நீ வந்து குளிம்மா, குடிம்மா, கொப்பளிம்மா," என்று சிரித்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியபின் காகிதப் பொட்டலங்களை வரிசைப்படுத்தினேன். முந்நூற்று இருபதைப் பிரித்து ஜன்னலோரம் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ரோஜாக் கல், கறுப்பு மைக்கா. பாறைக் குழம்பு முக்கால்வாசி உறைந்தபின், எந்தப் படிகமும் சேர்த்துக்கொள்ளாதவை எல்லாம் மிச்சக் குழம்பில் கூடிக்கூடி அடர்ந்து, கடைசியில் வெடிப்புக்குள் ஏறி உறைந்த கல் அது. அப்படிக் கூடுகிறவற்றில் ஃப்ளோரினும் ஒன்று. கடைசியாக உறையும் மைக்காவுக்குள் நுழைந்துகொள்ளும். தண்ணீர் பட்டால் ஃப்ளோரைடாக மெல்ல வெளியே வரும். தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்து அடியில் இறக்கிவிடும். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் பருப்பு குழையும்.

ஊராட்சி சார்பில் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் கொடுத்து வைத்திருந்த தண்ணீர் சோதனைப் பெட்டியை வாங்கி வந்தேன். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் மருந்துத் துளி ரோஜா நிறத்தில் நிற்கும். நான் பத்து எண்ணுவதற்குள் மஞ்சளானது. மறுபடி செய்தேன், மஞ்சள். குழாய்த் தண்ணீரில் செய்தேன். ரோஜா நிறம் அப்படியே இருந்தது.

"பருப்பு வெண்ணெயா வெந்துச்சேம்மா," என்றார் மாமா. "காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சுனா இன்னும் கூடும் மாமா."

"ஒரு சொட்டு மருந்து மஞ்சளா ஆச்சுன்னு இந்தத் தண்ணிய வேணாங்கிறியா? பொண்ணு வரப்போறா!" அவர் அக்காவைப் பார்த்தார். "நீ சொல்லு."

அக்கா வாசலைப் பார்த்தாள். பக்கத்துக் காட்டுக்காரர் வந்து நின்றிருந்தார். புதுத் தண்ணீர் பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். அக்கா நீட்டிய சொம்பை அவர் வாங்கவில்லை.

"எங்க வூட்லயும் பருப்பு நல்லாத்தான் வெந்துச்சுங்க," என்றார்.

பிறகு போவதற்காகத் திரும்பினார். பாதங்கள் முதலில், உடம்பு அப்புறம். பாறையில் மற்ற படிகங்கள் ஏற்காமல் கடைசிவரை அலைந்த அந்த ஃப்ளோரின், எலும்பின் தாதுவுக்குள் தாராளமாக இடம் பிடித்துக்கொள்ளும். உள்ளே போனது லேசில் வெளியே வராது; வருடக்கணக்கில் சேர்ந்து கழுத்தையும் முதுகையும் விறைக்க வைத்துவிடும். அவர் படியிறங்குவதை மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். என் கழுத்தை ஒருமுறை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா அடுப்படிக்குப் போனாள். குடத்தில் இருந்த தண்ணீரையும் சட்டியில் மிச்சமிருந்த பருப்பையும் கொல்லையில் கொட்டிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். அப்போது மகளிடமிருந்து போன் வந்தது.

"நல்ல தண்ணியாம்மா? அப்பா சொன்னாங்க."

"வெங்காயத்துக்குப் பாய்ச்சலாம்," என்றாள் அக்கா. "நீ வா. ஒனக்குக் கொழாத் தண்ணிதான்."

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் விடும் முறை. ஐந்தரைக்கு எழுந்து வந்தபோது மாமா டி.வி.எஸ். வண்டியின் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் தண்ணீர் எடுக்கப் போய் நான் பார்த்ததேயில்லை. கயிற்றை இறுக்கத் தெரியாமல் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார்.