63 கிலோமீட்டர் என்று நம்பிப் போன திருச்செங்கோடு

போன ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடியிலிருந்து திருச்செங்கோட்டுக்கு பைக்கில் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் தம்பி முருகேசன் அன்று அங்கிருந்து போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் கிளம்பினான். திரும்பி வர எட்டு மாதமாகும். பொங்கலன்று சொந்தக்காரர்கள் முன்னால், “கூட்டல் கழித்தலே வராதவன்” என்று அவனைக் கேலி செய்தேன். அதோடு பேச்சு நின்றது. நேரில் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தப் பயணம். வருவதாகச் செய்தியும் அனுப்பியிருந்தேன். ஒன்பது மணிக்குப் பூஜை, உடனே புறப்பாடு.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன். முந்தின நாள் வினாத்தாளுக்காக இதே பயணத்தைக் கணக்காக்கியிருந்தேன். மேற்கே 55 கி.மீ., தெற்கே 31, இடப்பெயர்ச்சி 63. என் பைக்கின் சராசரி வேகம் 45. வகுத்தால் ஒரு மணி 24 நிமிடம். ஏழரைக்குக் கிளம்பினால் ஆறு நிமிடம் மிச்சம். அடடா, என்ன மூளை!

சங்ககிரியில் மீட்டர் 70 கி.மீ. ஓடியதாகக் காட்டியது, மணி 9.03. அப்போதுதான் உறைத்தது. இடப்பெயர்ச்சி நேர்கோடு, நான் போவதோ சேலம் வழியாக வளைந்து போகும் 82 கி.மீ. சாலை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு முறுக்கினேன். எதிரே ரிக் வண்டிகள் போயின, கவனிக்கவில்லை.

9.19-க்குச் சேர்ந்தேன். ரோட்டில் நசுங்கிய எலுமிச்சம்பழம்தான் கிடந்தது. “இப்பத்தானுங்க கெளம்புனாங்க,” என்றார் டீக்கடைக்காரர்.

போன் போட்டேன். தம்பி எடுத்தான்.

“சங்ககிரி ரோட்டுல எதுருக்க வந்தீங்ளே, கையக் காட்டுனனுங்கண்ணா. பாக்காமயே போயிட்டீங்க.”

“வண்டிய நிறுத்தச் சொல்லுடா, வாரேன்.”

“பூச போட்டு எடுத்த வண்டிங்கண்ணா. தொப்பூர் தாண்டற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. ஒம்பது மணி வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னனுங்க.”

மன்னிப்பை போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பத்திரமாப் போ சாமி,” என்றேன். சே, என்ன மனுஷன் நான்!

போகிறவர்களுக்கு: போகவர பெட்ரோல் சுமார் 370 ரூபாய். நேரத்தைக் கணிக்க, சாலைத் தூரத்தை வேகத்தால் வகுங்கள். சராசரி திசைவேகம் வேண்டுமென்றால் மட்டும் இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுங்கள். எனக்கு 109 நிமிடம் ஆனது. ஆக மணிக்கு 34.7 கி.மீ., மேற்கிலிருந்து தெற்காக 29 பாகை.

என் பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்தால் அரை மதிப்பெண் குறைப்பேன். எனக்குக் குறைந்தது எட்டு மாதம்.