ஒன்பதாவது ரேங்க்

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மகன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். நான் விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் மண் அரைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த இரைச்சலில் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அப்பா, ஒம்போதாவது ரேங்க்கு!"

ரேங்க் என்றால் நமக்கு வேறென்ன தெரியும்? பரீட்சைதான். டீ நேரத்தில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். பேக்கிங் பார்க்கிற அக்கா, "ஒங்க புள்ள கலெக்டராத்தான் வருவாரு பாருங்க" என்றார். அமெரிக்காவில் ஏது கலெக்டர்! ஆனாலும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் அவனே கூப்பிட்டு, "பதினொண்ணுக்கு எறங்கிட்டோம்பா" என்றான்.

"அதுக்குள்ள இன்னொரு பரீட்சையா?"

விழுந்து விழுந்து சிரித்தான். அது அவன் காலேஜ் பேஸ்பால் டீமின் ரேங்காம். நாடு முழுக்க உள்ள காலேஜ் டீம்களில் எது தேவலை என்று கோச்சுகள் வாராவாரம் ஓட்டுப் போட்டு, இருபத்தைந்து டீம்களை வரிசைப்படுத்துவார்களாம். இவன் ஆடுகிறவன்கூட இல்லை. கேலரியில் உட்கார்ந்து கத்துவதோடு சரி.

அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுட்டது. லட்டு தின்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? "எவனோ பந்தடிச்சதுக்கு நான் ஊரக் கூட்டி லட்டு குடுத்தனா? ஒனக்குன்னு ஒரு ரேங்க்கு வந்தா போன் பண்ணு. இல்லன்னா பண்ணாத!" என்று கத்திவிட்டேன். எனக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது.

அவன் பண்ணவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுவான். "அப்பா சாப்டாரா?" என்று கேட்பான். அவள், "இந்தாங்க, நீங்களே பேசுங்க" என்று போனை நீட்டினால், நான் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன். வீம்பு, வேறென்ன.

ஆனால் பட்டியல் வருகிற செவ்வாய்தோறும், வேலைக்குப் போக எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, போனில் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்ப்பேன். டீம் ஏறியிருந்தால் இந்நேரம் அங்கே குதித்துக்கொண்டிருப்பான் என்று எனக்கும் சிரிப்பு வரும். இறங்கியிருந்தால் அன்றைக்கு வேலையே ஓடாது. முகம் தெரியாத அந்தக் கோச்சுகளைப் படுபாவிகள் என்று திட்டியிருக்கிறேன். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஒரு வாரம் டீம் பட்டியலிலேயே இல்லை. பிள்ளை உடைந்துபோயிருப்பானே என்று மனசு அடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பிலிருந்தே நானாகப் போன் செய்தேன்.

"கவலப்படாத சாமி. பட்டியலுக்குக் கீழ நமக்கும் கொஞ்சம் ஓட்டு வுழுந்திருக்குது. அடுத்த வாரம் உள்ள வந்துடுவோம்."



"நீங்க அதெல்லாம் பாக்கறீங்களாப்பா?"

"வாராவாரம் பாக்கறேன்டா."

"நீங்க அப்டி சொன்ன அன்னியோட நான் வுட்டுட்டம்பா. மேட்சுக்கெல்லாம் போறதில்ல."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றேன். அவன்தான் மெதுவாக, மரியாதையாகக் கேட்டான்:

"படிக்கணும்பா. வச்சிடட்டுங்களா?"